பழைய நோட்டுகள்: எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது, எதைச் செலவழிப்பது

தாத்தாவின் டிரங்குப் பெட்டி, பீரோவின் அடித்தட்டு, பூஜை அறை உண்டியல் என்று பழைய நோட்டு எங்கிருந்து கிளம்பினாலும் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். போனை எடுத்து "இது என்ன விலைக்குப் போகும்?" என்று தேடுகிறார்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருவதாக ஒரு விளம்பரம் கண்ணில் பட்டுவிட்டால், அப்புறம் எந்த நோட்டையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

விலை பார்ப்பது கடைசி வேலை. முதலில் சட்டம், பிறகு வகை, பிறகு நிலை, பிறகு எண், அதற்குப் பின்தான் விலை. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதி கழிந்துவிடும். பெரிய கட்டோடு உட்கார்ந்தாலும், விலை தேடவேண்டிய நோட்டு ஒரு கைப்பிடி தேறினால் அதிகம்.

1. உட்காரும் முன் என்ன வேண்டும்

நல்ல வெளிச்சம், கழுவித் துடைத்த கை, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியே போட்டு வைக்க ஒளி புகும் கவர்கள். மேசை மேல் வெள்ளைத்தாள் விரித்துக்கொண்டால் நோட்டின் ஓரம் தெளிவாகத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மேசைக்கு அருகில் வரக்கூடாதவை: இஸ்திரிப்பெட்டி, செலோடேப், ரப்பர், ஈரத்துணி. விற்க நினைப்பவர்கள் அதிகம் நஷ்டப்படுவது இங்கேதான். அழுக்கைத் துடைத்து, மடிப்பை இஸ்திரி போட்டு நேராக்கி "சலவை நோட்டு மாதிரி" ஆக்கிக்கொண்டு போவார்கள். நாணய வியாபாரி நோட்டைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பார். அச்சு மை மேடாக நிற்க வேண்டிய இடம் தட்டையாகிப் பளபளக்கும். மடிப்பின் நிழல் மட்டும் போகாமல் நிற்கும். அழுக்கோடு கொண்டுபோயிருந்தால் கிடைத்திருக்கும் விலைகூட இப்போது கிடைக்காது. லேமினேஷன் செய்தது இன்னும் மோசம். அதைப் பிரிக்கவே முடியாது.

ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நோட்டுகளை இழுக்காதீர்கள். ரப்பர்பேண்டு உருகி ஒட்டியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு, பிரிகிற வரைக்கும் பிரியுங்கள்.

2. செல்லுமா, செல்லாதா

முதல் பிரிப்பு இதுதான். காரணம், இதில் தவறினால் நஷ்டத்தோடு சட்டச் சிக்கலும் வரும்.

2016 நவம்பர் 8 அன்று செல்லாது என்று அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளைத் தனியே எடுங்கள். 2017-ல் இதற்கென்று சட்டம் வந்தது. அதன்படி எந்த மதிப்பாக இருந்தாலும் மொத்தம் 10 நோட்டு வரை ஒருவர் வைத்திருக்கலாம். ஆய்வு, நாணயவியல் சேகரிப்பு என்றால் 25 வரை. அதற்கு மேல் இருந்தால் 10,000 ரூபாய் அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தின் விலக்கு வைத்திருப்பதற்குத்தான் என்பதைக் கவனியுங்கள். கைமாற்றுவதும் வாங்குவதும் தடைக்குள் வருகின்றன. ஆகவே "பழைய ஐந்நூறுக்குக் கமிஷன் போக இவ்வளவு" என்று பேசுகிற யாரிடமும் நிற்க வேண்டாம். ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2000 ரூபாய் நோட்டின் கதை வேறு. 2023 மே 19-ல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது, ஆனால் செல்லாது என்று சொல்லவில்லை. வங்கிக் கிளைகளில் மாற்றும் வசதி 2023 அக்டோபர் 7-ஓடு முடிந்தது. அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்களில்தான் மாற்ற முடியும். சென்னை ராஜாஜி சாலை அலுவலகம் அவற்றில் ஒன்று. நேரில் போக முடியாதவர்கள் தபால் மூலம் அனுப்பித் தங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்யப்பட்டது. "இருக்கட்டும், பின்னால் விலை ஏறும்" என்று கத்தையாக வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கரையேற்றுங்கள். நாடு முழுக்க ஆளுக்கொன்று எடுத்து வைத்திருக்கும் நோட்டு சீக்கிரத்தில் அரிதாகப் போவதில்லை.

1, 2, 5 ரூபாய் நோட்டுகள், பின்பக்கம் ஆண்டு அச்சிடாத பழைய 10, 20, 50, 100 நோட்டுகள் எல்லாம் இன்னும் செல்லும். 2005-க்கு முந்தைய நோட்டுகளைப் படிப்படியாகத் திரும்பப் பெறுவதாக 2014-ல் அறிவித்தபோதும், அவை செல்லத்தக்கவை என்றே ரிசர்வ் வங்கி சொன்னது. மளிகைக் கடையில் வாங்க மாட்டேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம், உங்கள் வங்கிக் கணக்கில் கட்டிவிடுங்கள்.

1978 ஜனவரி 16-ல் ஒழிக்கப்பட்ட பழைய 1000, 5000, 10000 நோட்டுகள் கிடைத்தால் சத்தம் போடாமல் கவரில் போட்டு ஓரமாக வையுங்கள். 1954-ல் வந்த ஆயிரம் ரூபாயின் பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும். ஏலங்களில் நல்ல போட்டி உள்ள நோட்டு அது. போட்டி இருப்பதால் போலியும் உண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி காகிதத்துக்கு உள்ளிருந்து தெரிய வேண்டும், மேலே அச்சடித்ததுபோல் இருக்கக்கூடாது.

3. கிழிந்தவை, கறைபட்டவை

இவற்றை இப்போதே பிரித்துவிட்டால் பின்னால் வேலை குறையும். 1 முதல் 20 ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேல் பரப்பு இருந்தால் வங்கி முழு மதிப்பும் தரும். 50-ம் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. ஸ்கேல் வேண்டும் என்றது இதற்குத்தான். வேறு வேறு நோட்டுத் துண்டுகளை ஒட்டியது, வேண்டுமென்றே வெட்டியது என்று தெரிந்தால் வங்கி நிராகரித்துவிடும்.

நம் வீடுகளில் இன்னொரு வகை உண்டு: பூஜையில் வைத்து மஞ்சள், குங்குமம் பூசிய நோட்டு. செல்லுமா என்றால் செல்லும், வங்கி வாங்கிக்கொள்ளும். சேகரிப்பவர் வாங்கமாட்டார். அது அம்மாவோ பாட்டியோ வைத்த நோட்டு என்றால், இந்த வழிகாட்டிக்கு அதில் வேலை இல்லை. அப்படியே பூஜை அறையில் இருக்கட்டும்.

4. யார் வெளியிட்டது, யார் கையெழுத்து

இப்போது கையில் மிஞ்சுபவற்றை வகை பிரியுங்கள். ஒரு ரூபாய் நோட்டை மத்திய அரசு வெளியிடுகிறது, அதில் நிதிச் செயலர் கையெழுத்து இருக்கும். மற்றவை ரிசர்வ் வங்கியுடையவை, ஆளுநர் கையெழுத்து. அதனால்தான் மன்மோகன் சிங் கையெழுத்து இரண்டு இடத்திலும் கிடைக்கிறது: நிதிச் செயலராக இருந்தபோது ஒரு ரூபாயில், 1982 முதல் 1985 வரை ஆளுநராக இருந்தபோது மற்றவற்றில். நாகர்கோவில்காரரான வெங்கிடரமணனும் அப்படியே.

கையெழுத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், ஒரே மாதிரித் தெரியும் இரண்டு நோட்டின் விலையை அது பிரித்துவிடும். நீண்ட காலம் பதவியில் இருந்தவர் கையெழுத்திட்ட நோட்டு மலிவாகக் கிடைக்கும். 1970-ல் சில வாரங்களே ஆளுநராக இருந்த பி.என்.அதர்கர் கையெழுத்து தேடப்படுகிறது. 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வெளியிட்ட 2, 5, 10, 100 ரூபாய் நோட்டுகளில் காந்தி உட்கார்ந்திருக்க, பின்னால் சேவாகிராமம் தெரியும். அவற்றில் பெரும்பாலும் எல்.கே.ஜா கையெழுத்தைத்தான் பார்ப்பீர்கள். அதர்கர் என்று இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

ராஜா தலை போட்ட நோட்டு என்றாலே பெருந்தொகை என்று நினைக்க வேண்டாம். ஆறாம் ஜார்ஜ் படம் உள்ள 1940-ம் ஆண்டு ஒரு ரூபாய் இன்னும் பரவலாகக் கிடைக்கிறது. அதற்காகக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், முகமதிப்பைவிட எப்படியும் அதிகம்தான். ஐந்தாம் ஜார்ஜ் காலத்து 1917 ஒரு ரூபாய், அதையொட்டி வந்த இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு ஆகியவை வேறு வரிசை. இரண்டரை ரூபாய் நோட்டு கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறு வேலையே பார்க்க வேண்டாம். நேராக ஏல நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

வளைகுடாப் பக்கம் போய்வந்த குடும்பங்கள் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். வளைகுடா நாடுகளில் மட்டும் புழங்குவதற்காக ரிசர்வ் வங்கி 1959-ல் தனி நோட்டுகள் அடித்தது. எண்ணுக்கு முன்னால் 'இசட்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும், பத்து ரூபாய் சிவப்பாக இருக்கும். ஹஜ் பயணிகளுக்கான நோட்டில் 'எச்ஏ'. நிறம் மாறியிருப்பதால் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு வகையும் விலை மதிப்புள்ளவை.

புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு இந்தோசீன வங்கி வெளியிட்ட ரூப்பி நோட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவையும் செலவுக் குவியலில் சேரக்கூடாது.

5. கடல் கடந்து வந்தவை

மலாயா, பர்மா தொடர்புள்ள வீடுகளில் ஜப்பானியர் ஆட்சிக்கால நோட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கும். மலாயாவுக்கானதில் 'எம்' எழுத்து தொடக்கம், பர்மாவுக்கானதில் 'பி'. பத்து டாலரில் வாழைமரம் தெரியும். 1945-ல் ஜப்பான் தோற்றதும் இவை வெறும் காகிதமாகிவிட்டன. கணக்கில்லாமல் அச்சடித்ததால் இன்றைக்கும் மலிவுதான். விற்றுப் பெரிதாக ஒன்றும் வராது என்பதால், குடும்பக் கதையோடு சேர்த்து வைத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

சிங்கப்பூர் நோட்டை மட்டும் அவசரப்பட்டுச் செல்லாதவற்றில் சேர்த்துவிடாதீர்கள். 1967 முதல் வெளியான சிங்கப்பூர் நோட்டுகள் இன்றும் அங்கே செல்லும். ஆர்க்கிட் பூப் போட்ட முதல் வரிசைக்குச் சேகரிப்பவர்களிடம் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

6. நிலை: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரே கையெழுத்து, ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு. ஒன்று முகமதிப்புக்கு, இன்னொன்று பல மடங்குக்கு. இந்த வித்தியாசம் முழுக்க நிலையால் வருவது. சாதாரண நோட்டு என்றால் சலவை நோட்டாக இருந்தால்தான் சேகரிப்பவர் திரும்பிப் பார்ப்பார். அரிதான நோட்டு என்றால் கிழிசலையும் பொறுத்துக்கொள்வார்.

ஒரு நூறு ரூபாயை எடுத்துப் பார்ப்போம். மேசையில் படுத்திருக்கும்போது புதிதாகத்தான் தெரிகிறது. ஒரு ஓரத்தைப் பிடித்து விளக்குக்கு எதிரே தூக்குங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அதற்கு இரு பக்கமும் இன்னொன்று: பர்ஸில் மடித்து வைத்த அடையாளம். மூலைகள் கூராக இல்லாமல் உருண்டிருக்கின்றன. இடதுபுற வெள்ளை இடத்தில் ஊசி முனை அளவு வெளிச்சம் நாலைந்து இடத்தில் கசிகிறது. அவை ஸ்டேப்ளர் பின் குத்திய ஓட்டைகள். பின்பக்கம் திருப்பினால், கட்டு எண்ணியவர் பேனாவால் எழுதிய '50'. இந்த நோட்டு செலவுக் குவியலுக்குத்தான் போகும்.

பின் ஓட்டையைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம். வங்கிகள் முன்பெல்லாம் கட்டுகளுக்குப் பின் அடித்துத்தான் கொடுக்கும். அதை நிறுத்தச் சொல்லி ரிசர்வ் வங்கி 2001-ல் உத்தரவிட்டது. எனவே அதற்கு முந்தைய நோட்டில் கட்டுப் பின் போட்ட ஓட்டை இருப்பது சகஜம், மடிப்பு அளவுக்கு அது விலையைக் குறைக்காது. ஓட்டையைச் சுற்றித் துரு படர்ந்திருந்தால்தான் அடி.

நான் பயன்படுத்துவது மூன்று தரம் மட்டுமே. மடிப்பே இல்லாதது ஒன்று. ஒன்றிரண்டு மடிப்பு இருந்தும் மொடமொடப்பு போகாதது இரண்டு. துணிபோல் துவண்டது மூன்று. வியாபாரிகளின் தரப்பட்டியல் இதைவிட நீளம், ஆனால் பிரிக்கும் வேலைக்கு மூன்றே போதும். சந்தேகம் வந்தால் கீழ்த் தரத்தில் போடுங்கள். நம் நோட்டை நாமே பார்க்கும்போது கண் கொஞ்சம் சலுகை காட்டும்.

7. எண்ணைப் படியுங்கள்

வகை சாதாரணமாக இருந்தாலும் எண்ணால் ஒரு நோட்டு தப்பிக்கலாம். ஆறு இலக்கமும் ஒன்றாக இருப்பது, 123456 போல் ஏறுவது, 000001 போன்ற சிறிய எண், இருபுறமிருந்தும் ஒன்றாகப் படிக்க வருவது ஆகியவற்றைப் பேன்சி நம்பர் என்பார்கள். 786-க்கு ஆள் உண்டு, ஆனால் அந்த எண்ணில் முடியும் நோட்டு ஏராளமாக இருக்கிறது. சலவை நோட்டாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரக் குறி இருந்தால் அது ஸ்டார் நோட்டு. அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக வைப்பது. 2006-ல் 10, 20, 50 ரூபாயில் தொடங்கியது. கள்ளநோட்டு என்று பயந்து தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். செல்லும் நோட்டுதான். புதிதாக இருந்தால் எடுத்து வையுங்கள், கசங்கியதைச் செலவழியுங்கள்.

அச்சுப் பிழை நோட்டுகளில் எச்சரிக்கை தேவை. ஓரத்தில் கூடுதல் காகிதம் மடிந்து நிற்பது, இரு இடத்தில் வேறு வேறு எண் போன்றவை உண்மையான பிழைகள். மை போன இடத்தை லென்ஸில் பாருங்கள். காகித இழை எழுந்து நின்றால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

8. இப்போது விலை

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஒரு கோடி என்று யார் வேண்டுமானாலும் விளம்பரம் போடலாம். மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலங்களை இணையத்தில் பார்க்கலாம். அதே மதிப்பு, அதே கையெழுத்து, அதே நிலை மூன்றும் பொருந்தினால்தான் அந்த விலை உங்களுக்குப் பொருந்தும். புதியவர்கள் முதல் இரண்டைப் பார்த்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள்.

வியாபாரி கொடுக்கும் விலை அவர் விற்கும் விலையில் பாதி என்றாலே நான் நியாயம் என்பேன். அவர் கடை வாடகை கொடுத்து, நோட்டை மாதக்கணக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

9. முடிவெடுப்பது

சாதாரண வகை, மூன்றாம் தரம், எண்ணும் சாதாரணம் என்றால் செலவழியுங்கள் அல்லது வங்கியில் கட்டுங்கள். யோசிக்காதீர்கள். 1990-ல் பெட்டியில் போட்ட நூறு ரூபாய் இன்றும் நூறு ரூபாய்தான். அன்று அதில் வாங்க முடிந்த அரிசியை இன்று வாங்க முடியாது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக வைத்திருப்பது மெதுவாகச் செலவழிப்பதற்குச் சமம்.

அரிதான வகை, அல்லது முதல் தரத்தோடு நல்ல எண், உங்களுக்கு அதன் மேல் தனி ஈடுபாடு இல்லை என்றால் விற்கலாம். ஒரே வகையில் பல இருந்தால் சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றதை விற்பது என் வழக்கம். முத்திரை பிரியாத ஒரு ரூபாய்க் கட்டு, எண் வரிசையோடு இருந்தால் பிரிக்காதீர்கள். கட்டாக இருப்பதற்கே தனி விலை உண்டு.

இந்த இரண்டிலும் சேராதது, அல்லது மனசு விடாதது என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

10. விற்கும்போது

நாணயக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது நல்ல வழி. ஒரே கூரையின் கீழ் பல வியாபாரிகள் இருப்பதால் மூன்று பேரிடமாவது விலை கேட்க முடியும். முழுக் கட்டையும் ஒரேயடியாக நீட்டாதீர்கள். நல்ல நாலைந்தை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுப்பார்கள். தனித்தனியாக விற்கப் போகிறீர்களா, மொத்தமாகவா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

இணையத்தில் படம் போட்டால் அன்றைக்கே அழைப்பு வரும். நோட்டைப் பார்க்காமலே பெரிய தொகை சொல்வார்கள், பிறகு பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, கூரியர் காப்பீடு என்று உங்களிடமே கேட்பார்கள். ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம்கூட வாட்ஸ்அப்பில் வரும். பழைய நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தனக்குத் தொடர்பில்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் போடத் தேவையில்லை. போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

படம் போடும்போது எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மறையுங்கள். உங்கள் படத்தை எடுத்து வேறொருவர் விற்பனைக்குப் போடுவது நடக்கிறது.

11. வைத்துக்கொள்பவற்றுக்கு

மலிவான பிவிசி கவர் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் கவர் கேட்டு வாங்குங்கள். ஒரு கவருக்கு ஒரு நோட்டு, மடிக்காமல். அந்துருண்டையை நோட்டோடு சேர்த்துப் போடாதீர்கள். சமையலறைச் சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டிய அலமாரி வேண்டாம், ஈரம் ஏறும். ராமபாணப் பூச்சிக்குப் பழைய காகிதம் என்றால் கொண்டாட்டம், ஆகவே மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொன்றின் மதிப்பு, எண், கையெழுத்து, யாரிடமிருந்து வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதிக் கவர்களோடு வையுங்கள். நோட்டின் மேல் பென்சிலால்கூட எழுதாதீர்கள். வைத்திருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்டி காலி செய்கிற நாளில் பழைய பேப்பரோடு போய்விடும்.